பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஃபேரிங்: கூட்டை விடத் தாங்கிகளே முக்கியம்

குளிர் நாள்களில் நெடுந்தூரம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு முதலில் மரத்துப்போவது விரல்கள்தான். கிளட்ச்சையும் முன் பிரேக்கையும் அளவறிந்து பிடிக்க வேண்டிய விரல்கள் உணர்விழந்த பிறகு, வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. அடுத்து நெஞ்சும் முழங்கால்களும் குளிர்கின்றன, தோள்கள் இறுகுகின்றன, எதிரே வருவதைக் கண்டு முடிவெடுக்கும் வேகமும் மெல்ல மெல்லக் குறைகிறது. ஆகவே ஃபேரிங்கை, அதாவது வண்டியின் முன்னால் நின்று காற்றை மறிக்கும் கூட்டையும் அதன் மேலுள்ள காற்றுத் தடுப்புக் கண்ணாடியையும், அலங்காரமாகவோ சொகுசாகவோ நான் கருதுவதில்லை. டயர், பிரேக் ஆகியவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய பாதுகாப்புச் சாதனமாகவே கருதுகிறேன். ஆலையிலிருந்து வெறும் ஹெட்லைட்டோடு வந்த, காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய வண்டி ஒன்றில் அதைப் பொருத்துவது எப்படி என்பதை, என் இரட்டை சிலிண்டர் வண்டியில் செய்த வேலையை வைத்து இங்கே எழுதுகிறேன். பெரும்பாலோர் கூட்டின் வடிவத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். உண்மையில் அந்தக் கூட்டைத் தாங்கும் பிராக்கெட்டுகளும், அதன் ஓரங்களைத் தாண்டிக் காற்று போகும் வழியும்தான் வேலை உருப்பட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

காற்றின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் பயன்பாட்டில் இருக்கும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, 5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று வெறும் தோலில் படும்போது, அது ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி போல உறைக்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அதே காற்றின் வேகத்தைப் பாதியாக, அதாவது 40 கிலோமீட்டராகக் குறைத்தாலும் உணரும் குளிர் மைனஸ் 1-க்கு அருகில்தான் நிற்கிறது. 10 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தால்தான் அது பூஜ்யத்துக்கு மேலே ஏறி 2.5 டிகிரியைத் தாண்டுகிறது. வேகமான காற்றை ஓரளவு தணிப்பதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, ஏறக்குறைய அசையாத காற்றில் உட்கார்ந்தால்தான் உடல் வெப்பம் தங்கும் என்பதே இதன் பொருள். ஹெட்லைட்டுக்கு மேல் மாட்டும் சிறிய வைசர் நெஞ்சின் மீது விழும் அழுத்தத்தைக் குறைத்துக் களைப்பைத் தணிக்கும். ஆனால் குளிரை அது பெரிதாகத் தடுக்காததற்குக் காரணம் இதுவே. கைகளையும் இடுப்பையும் சேர்த்து மறைக்கும் அகலம் குளிர்காலப் பயணத்துக்குத் தேவை.

இந்தத் தேவையை உற்பத்தியாளர்கள் மிகத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். 1973-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர்90எஸ் வண்டியில் ஹேண்டில்பாரோடு திரும்பும் சிறிய ஃபேரிங் ஒன்று ஆலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. 1976-இல் வந்த ஆர்100ஆர்எஸ், இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்துக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைக்கப்பட்ட முழு ஃபேரிங்கோடு வந்தது. அது ஃபிரேமில் பூட்டப்பட்டது. நெடும்பயணத்துக்கே பிறந்தது என்று இன்று நாம் நினைக்கும் ஹோண்டா கோல்ட் விங் 1975-இல் வந்தபோது அதற்கு ஃபேரிங்கே கிடையாது. கிரெய்க் வெட்டர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் விண்ட்ஜாமர் ஃபேரிங்கை வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 1980-இல் வந்த இன்டர்ஸ்டேட் வகையில்தான் ஹோண்டா தானே அதைப் பொருத்திக் கொடுத்தது. எனவே பழைய வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு ஃபேரிங் வாங்கிப் பூட்டுவது அந்த வண்டியின் காலத்துக்குப் பொருந்தாத செயல் என்று யாரேனும் சொன்னால், அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பயணிகள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

இதே வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஐம்பதுகளின் பந்தய வண்டிகளில் முன் சக்கரத்தையும் சேர்த்து மூடிய பெரிய ஃபேரிங்குகள் இருந்தன. பக்கக் காற்று அடித்தால் அவை வண்டியையே இழுத்துச் சென்றன என்பதால், 1958 பருவத்திலிருந்து சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடை செய்தது. வண்டியின் எடை மையத்துக்கு முன்னால் எவ்வளவு பரப்பைச் சேர்க்கிறோமோ அவ்வளவு பிடிமானத்தைப் பக்கக் காற்றுக்குத் தருகிறோம். அகலம் தேவை என்று மேலே சொன்னேன். தேவைக்கு மேல் ஒரு சாணும் வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹேண்டில்பாரில் பூட்டுவதா ஃபிரேமில் பூட்டுவதா என்ற கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை உண்டு: ஃபிரேமில்தான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ பூட்டிய பெரிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி, திரும்பும் பாகங்களின் எடையைக் கூட்டுவதோடு, காற்றின் ஒவ்வொரு தள்ளலையும் நேராக ஸ்டியரிங்குக்கே கடத்துகிறது. பழைய வண்டிகளின் மெல்லிய ஃபோர்க் குழாய்களும் தேய்ந்த ஸ்டியரிங் குண்டு பேரிங்குகளும் இதைத் தாங்குவதில்லை. வேகம் கூடும்போது முன்பக்கம் மெதுவாக அலையத் தொடங்கும். ஃபிரேமில் பூட்டிய ஃபேரிங் அதே விசையை வண்டியின் முழு உடலுக்கும் பகிர்ந்துவிடுவதால், கைகளுக்கு அது தெரிவதே இல்லை. ஒரே ஒரு குறையைப் பழகிக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் ஃபேரிங்கோடு நிலையாக இருப்பதால், இரவில் மெதுவாகக் குறுகிய வளைவில் திரும்பும்போது வெளிச்சம் நேராகவே போகும்.

கூடு என்று வரும்போது பழைய சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். எது கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பழுது பார்க்க வேண்டும். ஃபைபர் கிளாஸில் பெயின்டுக்கு அடியில் நட்சத்திரம் போலக் கிளைவிடும் விரிசல்கள் இருந்தால், பின்பக்கத்தில் சுரண்டி எடுத்து, ஃபைபர் கிளாஸ் இழைப் பாயையும் ரெசினையும் வைத்துப் பலப்படுத்தலாம். அதே பாலியெஸ்டர் ரெசின் ஏபிஎஸ் மீது சரியாகப் பிடிக்காது. ஏபிஎஸ்ஸுக்கு, அதே பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் கரைத்து எடுக்கும் கூழ்தான் மருந்து. அது இரு பக்கமும் உருகி ஒட்டிக்கொள்வதால், காய்ந்த பிறகு மூலப் பொருளுக்கு நிகரான உறுதி கிடைக்கிறது. ஓட்டைகளைச் சுற்றிய பகுதிகளைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும், ஏனென்றால் பழைய கூடுகள் பெரும்பாலும் அங்கேதான் கிழிந்திருக்கும்.

இனி பிராக்கெட்டுகள். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஃபிரேமில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது என்பது நான் மாற்றிக்கொள்ளாத விதி. பழைய ஃபிரேம்களின் குழாய்கள் மெல்லியவை. ஒரு துளை வழியாக உள்ளே போகும் ஈரம் துருவாகி, வெளியே தெரியாமலே குழாயைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாகக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரு துண்டுக் கிளாம்ப்பைப் பயன்படுத்துகிறேன். கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையைச் சுற்றினால், பெயின்டும் பிழைக்கும், கிளாம்ப்பும் நழுவாது. ஸ்டியரிங் தலைக்குழாய்க்கு அருகில் மேலே இரண்டு, எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாயில் கீழே இரண்டு என நான்கு இடங்களில் தாங்கினால் கூடு முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும்.

பிராக்கெட்டுக்கு நேராக இரும்பை வெட்டுவது வீண் வேலை. ஃபேரிங்கை, அது இருக்க வேண்டிய உயரத்தில், மேலே ஒரு கம்பியிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, இடது வலது அளவுகள் சமமாக வரும்வரை கயிற்றை மாற்றிக் கட்டிய பிறகு, கிளாம்ப்புக்கும் கூட்டுக்கும் இடையிலான வழியைத் தடித்த அட்டையில் வெட்டி எடுக்க வேண்டும். அட்டை சரியாக உட்கார்ந்தால் அதை வைத்து இரும்புப் பட்டையில் கோடு போட்டு வளைக்கலாம். பட்டையை விடக் குழாயில் செய்த தாங்கி நல்லது; தட்டையான பட்டை ஒரு திசையில் மட்டுமே விறைப்பாக இருக்கும், மறு திசையில் எஞ்சின் அதிர்வுக்கு ஏற்ப ஆடிக்கொண்டே இருந்து, கடைசியில் வளைவில் முறியும். பட்டைதான் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு குறுக்குத் தாங்கியாவது கொடுக்க வேண்டும்.

கூடு பிராக்கெட்டோடு சேரும் இடத்தில் குரோமெட் என்னும் ரப்பர் வளையமும் அதற்குள் புஷ் என்னும் சிறு உலோகக் குழலும் வைக்க வேண்டும். நட்டை இறுக்கும்போது அதன் அழுத்தம் புஷ்ஷின் மீது விழும். ரப்பர் நசுங்காமல் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்ளும். புஷ் இல்லாமல் ரப்பரை நேராக இறுக்கினால், நாளடைவில் ரப்பர் படிந்து நட்டு தளர்ந்துவிடும். ஒற்றை சிலிண்டர் வண்டிகளும் பழைய இணை இரட்டை சிலிண்டர் வண்டிகளும் தரும் அதிர்வில், இந்தச் சிறிய புஷ்ஷே கூட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நான்கு தாங்கிகளில் ஏதேனும் ஒன்றின் துளையை நீள்வட்டமாக வைத்தால், ஃபிரேம் முறுக்கும்போது கூடு இழுபடாமல் சற்று நகர இடம் கிடைக்கும். பார்வைக்குத் தெரியாத இந்த வேலைக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன், அதில் எனக்கு முழு நிறைவு.

பூட்டியதும் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதற்கு முன் நிறுத்திய நிலையில் செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப வேண்டும்; எங்கேனும் எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள், அந்த நிலையில் சாலைக்குப் போவது ஆபத்து. கிளட்ச் கேபிளுக்கும் பிரேக் ஹோஸுக்கும் அதே கவனம் வேண்டும். அடுத்தது ஃபோர்க். பழைய சாலை வண்டிகளில் ஃபோர்க் 13 அல்லது 14 சென்டிமீட்டர் வரை இறங்கக்கூடும். வண்டி நிற்கும்போது மட்கார்டுக்கும் கூட்டின் அடிப்பகுதிக்கும் இருக்கும் இடைவெளி போதும் என்று தோன்றினாலும், பள்ளத்தில் இறங்கி பிரேக் பிடித்தால் மட்கார்டு கூட்டில் மோதும். ஸ்பிரிங்குகளைக் கழற்றி ஃபோர்க்கை முழுக்க அமுக்கிப் பார்ப்பது சரியான வழி. அது முடியாவிட்டால், ஃபோர்க்கின் மேல்குழாயில் ஒரு கேபிள் டையைக் கட்டி, ஒரு மோசமான சாலையில் ஃபேரிங் இல்லாமல் ஓட்டி, அது எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று அளந்து, அதற்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும்.

ஒயரிங்கில் இரண்டு விஷயங்களைச் சொன்னால் போதும். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் கிண்ணம் போன்ற உறையான டூம்தான் பாதி ஒயர் இணைப்புகளின் வீடு. டூமைக் கழற்றினால் அந்த இணைப்புகள் எல்லாம் மழைக்கும் காற்றுக்கும் வெளியே வந்துவிடும். அவற்றை மூடியுள்ள ஒரு சிறு பெட்டிக்குள் கொண்டுபோய், ஒயர் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு ஃபிரேமில் பூட்ட வேண்டும். மற்றொன்று எர்த். முன்பு உலோக டூம் ஃபோர்க் வழியாக எர்த் பெற்றது. பிளாஸ்டிக் கூட்டில் அது நடக்காது. ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டர்களுக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து பேட்டரியின் நெகடிவ் முனைக்கே கொண்டுபோனால், மங்கலான வெளிச்சம் பற்றிய பல புதிர்கள் பிறக்காமலே போகும்.

கண்ணாடியின் உயரம்தான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அம்சம். கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டுவதை விட அதன் மேல் விளிம்புக்கு மேலே பார்த்து ஓட்டுவதே சரி. மழைத்துளிகளும் எதிர் வண்டிகளின் விளக்கொளியும் சேர்ந்தால் எந்தக் கண்ணாடியும் பார்வையை மறைக்கும். விளிம்பு மூக்கின் நுனிக்கு நேராக இருந்தால், அதைத் தாண்டும் காற்று மேல்நோக்கி எழும்பி ஹெல்மெட்டின் மேல் போய்விடும். ஆனால் உயரத்தைக் கூட்டக் கூட்ட, கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகி, பின்னாலிருந்து காற்றைத் தோள்களுக்கு மேலாக முன்னே இழுக்கிறது. ஹெல்மெட்டைக் குலுக்கும் சுழல்களும், முதுகில் திடீரென உணரும் குளிரும் அதன் விளைவு. இதற்கு மருந்து கண்ணாடியை இன்னும் உயர்த்துவதில் இல்லை. கண்ணாடியின் அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டால், அங்கே நுழையும் அளவான காற்று அந்த அழுத்தக் குறைவை நிரப்பிவிடும், தலையைச் சுற்றிய கொந்தளிப்பு அடங்கிவிடும். குளிருக்கு எதிராக ஒரு சிறு திறப்பை நாமே வைப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் ஒழுங்காக நுழையும் காற்று, கலங்கிச் சுழன்று வரும் காற்றை விடக் குறைவாகவே குளிர்விக்கிறது.

சரியான உயரத்தைக் கண்ணாடியை வெட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தடித்த அட்டையை கண்ணாடியின் மேல் விளிம்பில் டேப்பால் ஒட்டி உயரத்தைக் கூட்டியும் குறைத்தும், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். விளிம்பிலும், கைப்பிடிகளுக்கு அருகிலும், தோளிலும் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவிட்டு, நண்பர் ஒருவரை வேறொரு வண்டியில் பக்கவாட்டில் வரச் சொன்னால், நூல்கள் நேராக நிற்கின்றனவா துடிக்கின்றனவா என்று அவர் கண்ணாலேயே காண்பார். என் வண்டியில் கைப்பிடிக்குப் பக்கத்து நூல் மட்டும் விடாமல் துடித்தது. ஃபேரிங்கின் பக்க விளிம்புக்கும் கைகளுக்கும் நடுவே ஒரு சிறு தடுப்பு வைத்ததும் அது அடங்கியது. அதன் பிறகுதான் என் கையுறைகளுக்குள் விரல்கள் உண்மையாகவே வெதுவெதுப்பாக இருந்தன.

கண்ணாடியைப் பூட்டும் முறையில் ஓர் எச்சரிக்கை. பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும் நட்டுகளைத் தளரவிடாமல் தடுக்கும் திரவப் பசையைத் தாங்காது. போல்ட்டில் ஒரு துளி விட்டால், அது வழிந்து துளையின் ஓரத்தைத் தொட்டவுடன், அங்கே இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மயிரிழை விரிசல்களாக வெடிக்கும். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களும் இதே போன்ற கேட்டைச் செய்யக்கூடியவை. நைலான் வளையம் கொண்ட நட்டுகளையும், இரு பக்கமும் ரப்பர் அல்லது நைலான் வாஷர்களையும் பயன்படுத்தி, விரலால் இறுக்கியதற்கு மேல் சற்றே திருப்பினால் போதும். துளை, போல்ட்டை விட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பாலிகார்பனேட் கண்ணாடி, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது; அதற்கு இடமில்லாவிட்டால் துளையின் ஓரமே அந்த இழுப்பை வாங்கும்.

ஓட்டுபவரைக் காற்றிலிருந்து மறைக்கும்போது எஞ்சினையும் மறைத்துவிடக் கூடாது. காற்றால் குளிரும் எஞ்சினில் சிலிண்டர் தலைகளின் மீது காற்று நேராகப் படுவது கட்டாயம். கால்களை மறைக்கும் கீழ்த் துண்டுகளைப் பொருத்தினால், அவை சிலிண்டர்களுக்கு வெளிப்பக்கமாக விலகி நின்று, காற்றை உள்நோக்கித் திருப்பிவிடும் கோணத்தில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் கவலை குறைவுதான். ஆனால் வெயில் ஏறும் பருவத்தில் கீழ்த் துண்டுகளைக் கழற்றிவிடுவதே நல்லது, ஆகவே அவற்றை நான்கே போல்ட்டுகளில் கழலும்படி அமைத்தேன். கார்புரேட்டர் பற்றியும் ஒரு சொல். புதிய கூடு எஞ்சினைச் சுற்றிய அழுத்தத்தை மாற்றுவதால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் காற்றோட்டக் குழாய்களின் முனை கொந்தளிப்பான இடத்தில் இருந்தால் குறிப்பிட்ட வேகங்களில் எஞ்சின் தடுமாறக்கூடும். பொருத்திய பிறகு இந்தத் தொல்லை புதிதாக வந்தால், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளை மாற்றும் முன் அந்தக் குழாய்களை அமைதியான இடத்துக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்குச் சற்று மேலான வெப்பநிலையில், ஈரம் மிகுந்த காற்றில் கார்புரேட்டருக்குள் பனி படிவதும் உண்டு. எஞ்சின் வெப்பம் சிறிதளவு கார்புரேட்டர் பக்கம் தங்குவது அந்த நாள்களில் நன்மையே.

முதல் ஓட்டத்தை மெதுவாகத் தொடங்கி, வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். வேகம் 80-இலிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 80-இல் அமைதியாக இருந்த பிராக்கெட் 100-இல் நடுங்கலாம். முன்பக்கம் கூடுதல் எடை ஏறியிருப்பதால் ஃபோர்க் சற்று அமுங்கி நிற்கும். ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் என்னும் ஒரு சிறு துண்டை வைத்து உயரத்தை மீட்டால் ஸ்டியரிங்கின் பழைய குணம் திரும்பும். ஸ்டியரிங் பேரிங்குகளைக் கோன் வடிவ ரோலர் வகைக்கு மாற்ற எண்ணியிருப்பவர்கள் அதை ஃபேரிங்குக்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேரிடும். திறந்த வெளியில் பக்கக் காற்று அடிக்கும்போதும், பெரிய லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும்போதும் வண்டி எப்படி நகர்கிறது என்பதைச் சுமையில்லாமல் ஒருமுறை, பெட்டிகளோடு ஒருமுறை அறிந்துகொள்ள வேண்டும். பின்னால் கட்டிய சுமை முன் சக்கரத்தின் பிடியைக் குறைப்பதால் இரண்டும் வேறு வேறு அனுபவங்கள்.

சூடேறும் கைப்பிடிகளையும் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் ஆல்டர்னேட்டரின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 36 வாட் கைப்பிடிகள் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும். அது சிறிய தொகை போலத் தெரிந்தாலும், 60 வாட் ஹெட்லைட்டும் இக்னிஷனும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது போக, ஐடிலில் பழைய ஆல்டர்னேட்டர் தருவதில் மிச்சம் அதிகம் இருக்காது. பின்விளக்கையும் இண்டிகேட்டர்களையும் எல்இடிக்கு மாற்றினால் ஓரளவு இடம் கிடைக்கும். கைப்பிடிகளின் மின்சாரத்தை ரிலே வழியாக, சாவியை அணைத்தால் தானே நிற்கும்படி கொடுக்க வேண்டும். ஃபேரிங் கைகளை நன்றாக மறைத்திருந்தால் அவற்றைக் குறைந்த அளவில் வைத்தாலே போதுமானதாக இருக்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும், ஏனெனில் புதிய ரப்பர்கள் அதற்குள் படிந்திருக்கும். கிளாம்ப்புகளின் ஓரத்தில் குழாயின் மேல் பெயின்டால் ஒரு சிறு கோடு போட்டு வைத்தால், கிளாம்ப் நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கழற்றிய பழைய டூம், அதைத் தாங்கிய காதுகள், மூல போல்ட்டுகள் ஆகியவற்றைத் துடைத்து எண்ணெய் தடவி, பெயர் எழுதி ஒரே பெட்டியில் வைத்துவிடுங்கள். வண்டியை மூல வடிவில் காண விரும்பும் நாளில் அல்லது அடுத்தவர் கைக்கு அது போகும் நாளில், ஒரு மாலை நேர வேலையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.